முக்கால் மில்லிமீற்றர்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு தமிழில் நான் எழுதியவை வீட்டுக்குப் போட்ட கடிதங்களும் கோயில் விழாவுக்கான சாமான் பட்டியல்களும்தான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல மெல்ல எழுந்து வெளியே போய்விடுகிறவன் நான். ஆனால் சுவிசின் கூர் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உலோகப் பட்டறைகளில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் சிலர், "அங்கிள், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று விடாமல் கேட்டார்கள். நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரம் பிடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தொழிற்பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். அதை நான் எழுதத் தேவையில்லை. வேலை நன்றாகத் தெரிந்த ஒருவன், பிழையான ஒரு வேலையைத் தெரிந்துகொண்டே கச்சிதமாகச் செய்ததைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அந்த ஒருவன் நான்தான்.

நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தது துப்பாக்கிகளைத் திருத்தும் ஒரு சிறிய பட்டறையில். இங்கே ஊருக்கு ஊர் சுடும் கழகங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். கழகத்துக்காரர்கள் தங்கள் கைத்துப்பாக்கிகளின் குறித் தகடுகளை மாற்ற எங்களிடம் வருவார்கள். துப்பாக்கியின் நுனியில் நிற்கும் சிறு தகட்டை இங்கே கோர்ன் என்பார்கள். கண்ணுக்குக் கிட்ட, நடுவில் வெட்டோடு நிற்பதைக் கிம்மெ என்பார்கள். கிம்மெயின் வெட்டுக்குள் கோர்ன் நடுவாக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கோர்ன் உயர்ந்தால் குண்டு கீழே போகும், தாழ்ந்தால் மேலே போகும். இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவது விளங்கும்.

என்னுடைய நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் சுவிசில் துப்பாக்கி வைத்திருக்கவும் கூடாது, சுடவும் கூடாது. அது சட்டம். அப்போது என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறையின் தலைமைத் தொழிலாளி, சட்டத்தில் ஒரு மயிரிழையும் விலகாத மனிதர். குறித் தகடு செருகும் சரிவான பள்ளத்தை ஓர் உருக்குக் கட்டையில் அப்படியே வெட்டி என் மேசையில் வைத்தார். "உனக்குத் துப்பாக்கி இதுதான்" என்றார். அந்தக் கட்டையில் வைத்துத்தான் நான் தகடுகளைச் செய்தேன். அவற்றைத் துப்பாக்கியில் பொருத்துவதும் நிலவறையில் சுட்டுப் பார்ப்பதும் அவருடைய வேலை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இப்ப துவக்கைத் தொட விடுறாங்கள் இல்லை எண்டு கவலைப்படுறார்" என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சுட முடியாதவன் சுடுகிறவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்கவோ எனக்குக் கூச்சம். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். வெற்று அட்டை ஒன்றையும் பென்சிலையும் வாடிக்கையாளர் முன்னால் வைத்து, "சுடும் நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதைக் கீறுங்கள்" என்பேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு கீறுவார்கள். அந்தக் கீறலில் எல்லாம் இருக்கும். சிலர் கோர்னைத் தூண் மாதிரிப் போடுவார்கள். வயதானவர்களின் படத்தில் இரண்டு பக்க வெளிச்சமும் இருக்காது. கோர்ன் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், கிம்மெயின் வெட்டு எவ்வளவு விரிய வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவெடுப்பேன். அதிகம் பிழைத்ததில்லை. ஒருமுறை மைஸ்டர் ஒரு வாடிக்கையாளரிடம், "இவன் துப்பாக்கியைத் தொடாமலே சுடுகிறவன்" என்று சொன்னார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் பல வருடம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ராசன் என்னைத் தாண்டி மேலே போனான்.

ராசன் என்னிலும் இரண்டு வயது இளையவன். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தோம். பட்டறையில் அவனுக்கு வேலை கேட்டுக் கொடுத்ததும் நான்தான். அவனும் என்னைப் போலவே உருக்குக் கட்டையில் வேலை செய்தவன். இருவரும் ஒரே வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். அவன் வசித்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர், நான் இந்தப் பக்கம். இரண்டு ஊராட்சிகளிலும் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். எனக்கு எல்லா மலைகளின் பெயரும் மனப்பாடம். ஆனால் ஏழு பேர் வரிசையாக இருந்து பார்த்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். ராசனுக்கு சுவிசின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தது.

"அண்ணை, அவங்கள் மலையின்ர பேரைக் கேக்கேல்லை. நீங்கள் வாய் திறக்கிறீங்களோ எண்டு பாத்தவங்கள்" என்றான் ராசன். ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அது குத்தலாகவே கேட்டது.

அடுத்த மாதம் மைஸ்டர் அவனை நிலவறைக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து என் மேசைக்குக் கீழே அவன் சுடும் சத்தம் கேட்கும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. தரையில் ஓர் இடி, அவ்வளவுதான். அரம் கையில் இருக்கும்போது அந்த இடி விரலுக்கு வரும். பிறகு அவன் வாடிக்கையாளரோடு சிரித்துக்கொண்டே படியேறி வருவான். சட்டையில் வெடிமருந்து மணக்கும். "நாங்கள் கீழ சுடேக்க..." என்று ஒவ்வொரு கதையையும் தொடங்குவான். ஸ்நூனிக்கு, அதாவது காலை ஒன்பது மணி இடைவேளைக்கு, கோப்பியோடு உட்கார்ந்தால் அந்த "நாங்கள்" என்ற சொல்லைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அதில் நான் இல்லை. நான் படம் கீறச் சொல்லிப் பத்து வருடமாகக் கற்றதை அவன் அரை மணித்தியாலத்தில் சுட்டே அறிந்துகொண்டான் என்று தோன்றியது. வாடிக்கையாளர்களும் அட்டையை ஒதுக்கிவிட்டு, "ராசனோடு கீழே போய்ப் பார்க்கிறோம்" என்றார்கள்.

எனக்கும் சில வருடம் கழித்துச் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்தது. மைஸ்டர் கீழே கூட்டிப் போய் ஐந்து குண்டு தந்தார். அதற்குள் என் வலக் கண் கெட்டுப்போயிருந்தது. இரண்டு குண்டுதான் இலக்கு அட்டையில் விழுந்தன. அந்தக் கண்ணால்தான் போன வருடம் வேலையையும் விட்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. ராசன் கீழே போகத் தொடங்கிய அடுத்த இலையுதிர் காலம். எங்களிடம் ஓர் அம்மா வருவார். ஓய்வு பெற்ற பொலிஸ்காரி, எழுபது வயதை நெருங்கியவர். எங்களுக்குள் அவரைப் பொலிஸ் அம்மா என்போம். துப்பாக்கியை மைஸ்டரிடம் கொடுத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"இரண்டு பக்கச் சுவரும் கோர்னில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதோடு கறுப்புக்குள் கறுப்பு தெரியவும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, அல்லது உங்கள் கோர்ன் கொழுத்துவிட்டது" என்றார்.

அவருடைய கழகத்தின் இலையுதிர் காலப் போட்டி பத்து நாளில் இருந்தது. மூன்று பெண்கள் கொண்ட அணி. அதுதான் தன் கடைசிப் போட்டி, அதோடு துப்பாக்கியை விற்றுவிடுவேன் என்றார். "தோற்றாலும் பரவாயில்லை. என்னால் மற்ற இருவரும் தோற்கக்கூடாது."

பக்கத்தில் நின்ற ராசன் விலைப்பட்டியலைத் திறந்து, பச்சையாக ஒளிரும் புள்ளி வைத்த தகடு ஒன்றைக் காட்டினான். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். அவர் என்னைப் பார்த்து, "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"புள்ளி வைத்தால் கண் புள்ளியைத்தான் பார்க்கும். தகட்டின் மேல் விளிம்பைப் பார்க்காது" என்றேன்.

"அப்படியானால் புள்ளி வேண்டாம்."

ராசன் பட்டியலை மூடினான். "அண்ணை இன்னும் பெற்றோல்மக்ஸ் காலத்து ஆள்" என்று எனக்கு மட்டும் விளங்கத் தமிழில் சொல்லிவிட்டு, வேறு ஒருவரோடு கீழே போனான்.

அதன் பிறகுதான் நான் அட்டையைக் கொடுத்தேன். பொலிஸ் அம்மா முதலில் இலக்கின் கறுப்பு வட்டத்தைப் போட்டார். கோர்னின் மேல் விளிம்பை அந்த வட்டத்தின் நட்ட நடுவில் கீறினார். நான் இரண்டாம் முறை பார்த்தேன். இங்கே கழகத்தில் பழகியவர்கள் அப்படிப் பிடிப்பதில்லை. வட்டத்துக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு விட்டுத்தான் பிடிப்பார்கள். குண்டு அதற்கு மேலே, நடுவில் போய் விழும்படி தகட்டை அமைப்போம்.

"வெள்ளை விடுவதில்லையா?" என்று கேட்டேன்.

"முப்பது வருடம் பொலிஸில் இப்படித்தான் பழகினேன். விளிம்பு எங்கேயோ ஓட்டையும் அங்கே. இனி மாற்ற முடியாது."

மேசையின் லாச்சியை இழுத்து அட்டையை உள்ளே வைத்தேன். கோர்னைச் சற்று ஒடுக்கினேன், கிம்மெயின் வெட்டைச் சற்று அகட்டினேன். கறுப்புக்குள் தெரிய வேண்டும் என்பதால் கோர்னின் பின்முகம் முழுவதும் மெல்லிய பித்தளையை ஒட்டினேன். உயரத்தை அவருடைய பிடிக்கு ஏற்றபடி கணக்குப் பார்த்து முடித்தேன். சொந்த வேலையைப் புகழக்கூடாது. ஆனால் அதைவிட நல்ல கோர்ன் நான் செய்ததில்லை.

வியாழக்கிழமை மைஸ்டர் முதுகு வலியோடு வீட்டில் படுத்திருந்தார். பொலிஸ் அம்மா தெற்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை வந்து துப்பாக்கியை எடுப்பார், ஞாயிறு போட்டி. ஆகவே பொருத்திச் சுட்டுப் பார்க்கும் பொறுப்பு ராசனுக்கு வந்தது. கீழே நாலைந்து இடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து, கழற்றிய கோர்னை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தான்.

"அண்ணை, நல்லாக் கீழ அடிக்குது. வெள்ளை விட்டுத்தான் பிடிச்சன். ஓட்டை எல்லாம் வெள்ளையிலேயே நிக்குது."

நான் அவன் சுட்டுக் கொண்டுவந்த இலக்கு அட்டையைப் பார்த்தேன். ஐந்து ஓட்டை, வட்டத்துக்குக் கீழே ஒரு கைக்குட்டை மடிப்புக்குள் அடங்கும். விளிம்பு எங்கே நின்றதோ அங்கேயே ஓட்டை. என் கோர்ன் பொலிஸ் அம்மாவுக்குப் பொருத்தமாக, ஒரு மயிரளவும் பிசகாமல் வேலை செய்திருந்தது. ராசனுக்குத்தான் அது பிழை.

"எவ்வளவு அராவ வேணும்?"

"முக்கால் மில்லிமீற்றர்" என்றேன். கணக்கு வாயில் தானாக வந்தது.

அவன் கொஞ்சம் தயங்கினான். "அண்ணை, மனிசி எப்பிடிப் பிடிக்கிறவ எண்டு உங்களிட்டச் சொன்னவவோ?"

லாச்சி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. இழுத்து அட்டையை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடமும் வேண்டாம். நான் சொன்னது இது:

"எனக்கென்ன தெரியும்? சுடுறவன் நீயெல்லோ."

அவன் சிரித்தான். அதை அவன் பாராட்டாகவே எடுத்தான். நான் கோர்னை வைஸில் இறுக்கி முக்கால் மில்லிமீற்றரை அராவி எடுத்தேன். நாலு இடத்தில் அளந்தேன். மேல் விளிம்பு கண்ணாடி போல இருந்தது. அவன் கீழே கொண்டுபோய்ச் சுட்டான். படியிலிருந்தே, "நட்ட நடு, அண்ணை!" என்று கத்தினான்.

கூச்சம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாங்கள் பேசாமல் இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. 'அவர் அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள். அன்று நான் பேசாமல் இருந்தது கூச்சத்தால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவன் சுட்டுப் பார்த்த துப்பாக்கி எல்லோர் முன்னாலும் பிழைக்க வேண்டும், பொலிஸ் அம்மா திரும்பி வந்து "ஏன் அந்த மனிதரிடம் கேட்கவில்லை?" என்று அவனைக் கேட்க வேண்டும். அதைத்தான் விரும்பினேன். அந்த அம்மாவின் கடைசிப் போட்டி என்பது நினைவில் இருந்தது. இருந்தும் அப்படி விரும்பினேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். எனக்கு ஓர் அக்ரோட்டுக் கேக் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்போது வெளிச்சம் தெரிகிறது! பித்தளை எவ்வளவு தெளிவு!" என்றார். ராசன், தானே ஐந்து ஐந்தாகச் சுட்டுச் சரிபார்த்ததாகச் சொன்னான். அவர் முதலில் அவன் கையைக் குலுக்கினார், பிறகு என் கையை. அவர் போனார். ராசன் கடைக் கதவைப் பூட்டினான்.

அப்போது நான் சொன்னேன். மனச்சாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் கதவைத் தாண்டும்போது எனக்கு ஒன்று உறைத்தது. நாளை சுடும் இடத்தில் அந்தப் பித்தளைக் கோர்னைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். ராசன் சுட்டதை யாரும் பார்க்க மாட்டார்கள். "யார் செய்த கோர்ன்?" என்றுதான் கேட்பார்கள். என் பெயரைத்தான் சொல்வார்கள். அதனால் லாச்சியைத் திறந்து அட்டையை அவன் முன்னால் வைத்தேன்.

அவன் அட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எப்ப கீறினவ?"

"கொண்டுவந்த அண்டைக்கே."

"தெரிஞ்சுகொண்டே அராவினீங்களோ?"

நான் கேக் பெட்டியின் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அப்ப பித்தளை... கறுப்புக்குள்ள தெரியத்தான் பித்தளை. நானும் மாடு மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்." அவன் கோபம் முதலில் தன் மேலேயே போனது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தொலைபேசியை எடுத்து அவருக்கு அடித்தான். யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அடித்தான். பிறகு மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "இருந்து புதுசு செய்யுங்கோ. நான் அளக்கிறன்" என்றான்.

அன்று பின்னேரம் முழுவதும் நாங்கள் வேலை செய்தோம். நான் தரும் ஒவ்வொரு தடவையும் அவன் அளந்து திருப்பித் தந்தான். முன்னர் ஒருநாளும் அவன் என் வேலையை அளந்து பார்த்ததில்லை.

ஞாயிறு காலை அவன் காரில் போனோம். சுடும் இடத்தில் பொலிஸ் அம்மா பரிசோதனைக் குண்டுகளை முடித்திருந்தார். அட்டையில் ஓட்டைகள் வட்டத்தின் மேல் விளிம்போடு நின்றன. அவர் துப்பாக்கியை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கெட்டுவிட்டது, வயதாகிவிட்டது என்று அவர் நினைத்த அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ராசன் விறுவிறுவென்று போனான். "என் பிழை. உங்கள் பிடியைக் கேட்காமல் என் பிடிக்குச் சுட்டுப் பார்த்துவிட்டேன். சரியான தகட்டைக் கொண்டுவந்திருக்கிறோம்."

அவர் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார். "நான் உங்களுக்குப் படம் கீறித் தந்தேனே."

"ஓம்" என்பதை ஜேர்மனில் சொன்னேன்.

"அட்டை தொலைந்துவிட்டதா?"

தொலைந்துவிட்டது என்று சொல்ல அவரே வழி விட்டார். "இல்லை. லாச்சியில் இருந்தது" என்றேன்.

பொலிஸில் எத்தனை பேரின் வாக்குமூலத்தைக் கேட்டிருப்பாரோ, அந்த மாதிரித் தலையை மெல்ல ஆட்டினார். துப்பாக்கியை ராசனிடம் கொடுத்தார். துப்பாக்கியைத் தொட எனக்கு அனுமதி இல்லாததால் என்னால் உதவ முடியாது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், பார்வையாளர்களோடு நின்றேன். ராசன் சிறிய சுத்தியலால் பழைய கோர்னைத் தட்டி எடுத்து, புதியதைச் செருகினான். அவர் கடைசிச் சுற்றில் சுடலாம் என்று கழகத்தாரிடம் அவகாசம் வாங்கித் தந்தவனும் அவன்தான்.

அவருடைய முதல் ஐந்து குண்டுகள் நன்றாகப் போகவில்லை. காலையிலிருந்து நடந்தது இன்னும் கையில் இருந்திருக்கும். பிறகு வந்தவை எல்லாம் நடுவில் விழுந்தன. அவருடைய அணி இரண்டாவதாக வந்தது. இரண்டு புள்ளிதான் குறைவு. அந்த இரண்டு புள்ளி எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

புறப்படும்போது அவர் ராசனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலையசைத்தார். இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்று நினைத்தேன்: அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். செய்யாத பிழையை ஏற்றுக்கொண்டவனுக்குக் கிடைத்த அந்தக் கைகுலுக்கலுக்குப் பொறாமை. உங்களுக்கும் ஒருநாள் இது வரும். பக்கத்து மேசைக்காரன் மேலே போவான். நான் உங்களிடம் பொறாமைப்படாதீர்கள் என்று கேட்கவில்லை. அதை யாராலும் நிறுத்த முடியாது. கையில் அரம் இருக்கும்போது வாயைத் திறந்து தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். அதை மட்டும் கேட்கிறேன். பொறாமையைப் பிறகு ஆறுதலாகப் படலாம்.

திரும்பி வரும்போதும் காரை ராசன்தான் ஓட்டினான். கூர் ரயில் நிலையத்தடிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "ஏன் அண்ணை?" என்றான்.

"நீ கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டனான். வியாழக்கிழமை என்ர வாயாலேயே கேட்டனான்."

விளக்கு பச்சையானது.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். ராசன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். என்னைப் பார்த்து, "குவாத்தா மோர்கா" என்று கூர்ப் பக்கத்து ஜேர்மனில் காலை வணக்கம் சொன்னான். அதற்கு முன் அவன் என்னோடு ஜேர்மனில் ஒரு சொல்லும் பேசியதில்லை.